எழுபது வளைவு ஏறி வந்த ஈரச் சாக்கு

"மூக்கை நல்லா உள்ள உடுங்க நங்கை. இன்னும் உள்ள. கூச்சப்படக் கூடாது."

என் கொழுந்தனார் சம்பத் இப்படிச் சொன்னபோது என் மூக்கு ஏற்கெனவே அந்தக் கண்ணாடிக் கிளாசுக்குள் முக்கால்வாசி போயிருந்தது. மூக்குத்தி விளிம்பில் இடித்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. கிளாஸ் உடைந்துவிடுமோ என்று சம்பத் பதறினார். மூக்கைப் பற்றி அவர் பதறவில்லை.

மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் வீட்டு முன்னறை. இங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. மதியம் மூன்று மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நான்கு பேர் ஆளுக்கொரு கிளாசோடு உட்கார்ந்திருந்தோம். நான், என் வீட்டுக்காரர், கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி சம்பத், பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயி. பொன்னாயி பெரக்கரை நாட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். சொந்தமாக மிளகும் மரவள்ளியும் வைத்திருப்பவள். யாருக்கும் பயப்படாதவள்.

"என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்க நங்கை," என்றார் சம்பத். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்பார்கள். இருபது வருட அமெரிக்க வாசத்தில் அவர் மறக்காமல் வைத்திருந்த சில சொற்களில் அதுவும் ஒன்று.

எனக்கு ஒரு வாசமும் வரவில்லை.

அதில் ஆச்சரியமில்லை. அப்போதே இரண்டு வருடங்களாக எனக்கு எந்த வாசமும் வருவதில்லை. இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூக்கு போன கதை

அந்தப் பெரிய காய்ச்சல் மலைமேலும் ஏறி வந்த சமயம். வீட்டில் இருவரும் படுத்தோம். இருவருக்கும் வாசம் போனது. என் வீட்டுக்காரருக்குப் பத்தே நாளில் திரும்பிவிட்டது. ஒரு காலையில் எழுந்து, "எங்கியோ கருவாடு காயுதாட்ட இருக்குது," என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காத்திருந்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை.

காரணம் இருந்தது. நான் காளப்பநாயக்கன்பட்டி வெல்ல மண்டிக்காரர் மகள். என் அப்பா ஓர் அச்சு வெல்லத்தைப் பிட்டு மோந்து பார்த்து, இது இன்னார் தோட்டத்துக் கரும்பு, பாகு இறக்கும்போது ஆள் அசந்து தூங்கிவிட்டான் என்பதுவரை சொல்வார். தூங்கிய ஆள் எதிரிலேயே நின்று தலையைச் சொறிவான். அந்த மூக்கு எனக்கு வந்திருப்பதாகச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

சமைக்கிறவளுக்கு மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் பரிதாபப்படுவார்கள். இரண்டாம் நாள், "நீ எதுக்குச் சிரமப்படறே, உக்காரு," என்பார்கள். மூன்றாம் நாள் சமையலுக்கு வேறு ஆள் வந்திருக்கும். நான் மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தது. அதை வைத்து ஒப்பேற்றலாம். ஆனால் நம் சமையலில் ஒரு பொல்லாத பரீட்சை இருக்கிறது. 'பச்சை வாசம் போகும்வரை வதக்கவும்.' போனதா இல்லையா என்பதை நாக்கு சொல்லாது. மூக்குதான் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் பெண்கள் கரண்டியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டி, "அக்கா, பச்சை வாசம் போயிருச்சான்னு பாருங்க," என்பார்கள். வெல்ல மண்டிக்காரர் மகளாயிற்றே.

அப்போதுதான் எனக்குச் சாமி கைகொடுத்தது. சாமிக்குப் படையல் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது, மோந்துகூடப் பார்க்கக் கூடாது இல்லையா? நான் ஒரு வேண்டுதல் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டேன். அது நிறைவேறும்வரை தினமும் படையல் மாதிரியே சமைப்பேன், அடுப்பில் இருப்பதை மோக்கவும் மாட்டேன், நாக்கில் வைக்கவும் மாட்டேன். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களுக்கு, "வெளிய சொன்னா பலிக்காதுங்க," என்றேன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உறவில் என் பக்தியின் மதிப்பு ஒரே மாதத்தில் எங்கேயோ போய்விட்டது.

எண்ணெய் பிரிவதைக் கண்ணால் பார்த்தும், கடிகாரத்தைப் பார்த்தும், முப்பது வருடக் கைப்பழக்கத்தை நம்பியும் சமைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

நல்லாத்தான் இருக்குது

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைக்கு மேல் அவரும் பேச மாட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்கு அவர் சொன்ன ஒரே பாராட்டு, "நல்லாத்தான் இருக்குது." அந்த 'தான்' என்ற ஒட்டை வைத்து நான் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். விருந்துக்கும் அதே சொல், பழைய சோற்றுக்கும் அதே சொல்.

வயதாக ஆக அவருக்குச் சில கோணல்களும் வந்து சேர்ந்தன. முன்பெல்லாம் வெளி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர், குளிர் காற்று ஆகவில்லை என்று அடுப்படிக்குள் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். காலையில் தண்ணீர் குடிக்க வருகிறேன் என்று வந்து பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார். "நல்லாத்தான் இருக்குது," என்பார். காய்ச்சாத பாலில் என்ன நல்லது கண்டாரோ! குழம்புச் சட்டியையும் திறப்பார். மூடு, திற, மூடு. ஓட்டலுக்குச் சோதனைக்கு வந்த அதிகாரி தோற்றான்.

உச்சகட்டம், வாஸ்து. ஆயுசில் ராசிபலன்கூடப் படிக்காத மனிதர் ஒரு நாள் திடீரென்று, காஸ் சிலிண்டர் அடுப்படிக்குள் இருப்பது வாஸ்துப்படி ஆகாது என்றார். ஆளை வரவழைத்து, சுவரில் ஓட்டை போட்டு, சிலிண்டரை வெளியே வைக்க வைத்தார். "வயசானா இப்படித்தான் ஒவ்வொண்ணா புடிச்சுக்கும்," என்று பொன்னாயியிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் நன்றாகச் சிரித்தாள்.

ஒயின் வந்த வழி

சம்பத் ஒயின் பாட்டில்களோடு வருகிறார் என்ற செய்தி முதலில் கீழே காளப்பநாயக்கன்பட்டியில்தான் பரவியது. எங்கள் பக்கத்தில் மதுக்கடைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ஒயின் ஷாப். அங்கே பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும். ஒயின் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே 'சம்பத்து ஒயினோட வாரானாம்' என்பதை ஊர் தன் வழியில் புரிந்துகொண்டது. நன்றாகப் படித்த பையன் இப்படி ஆகிவிட்டானே என்று இரண்டு பேர் எனக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள்.

உண்மையில் சம்பத் வாரக்கடைசி வகுப்புகளுக்குப் போய் ஒயின் ருசிப்பதில் சான்றிதழ் வாங்கியிருந்தார். அதை லேமினேட் செய்து எடுத்து வந்திருந்தார். அவருக்கு ஒரு கனவு இருந்தது. எங்கள் மலை வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக்க வேண்டும். நகரத்து ஆட்கள் வந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிட வேண்டும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பொருத்தமான ஒயினைக் குடித்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். உரிமம், அனுமதி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் பாட்டில்களை மடியில் வைத்து, கம்பளி சுற்றி, குழந்தையைப் போல் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி அவர் வாந்தி எடுத்தார். பாட்டில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வந்து சேர்ந்ததும், பாட்டில்களுக்குப் பயணக் களைப்பு இருக்கும், இரண்டு நாள் அசைக்காமல் படுக்க வைக்க வேண்டும் என்றார். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை எங்கள் படுக்கையறை. பாட்டில்கள் அங்கே படுத்தன. நாங்கள் முன்னறையில் படுத்தோம்.

அன்று சாப்பிடும்போதுதான் சம்பத் அந்தப் பேச்சை எடுத்தார். "பெங்களூரிலிருந்து ஷர்மிளான்னு ஒரு மேடம் வாராங்க. பெரிய பெரிய ஓட்டலுக்கெல்லாம் ஒயின் தேர்ந்தெடுத்துக் குடுக்கறவங்க. அவங்க சரின்னுட்டா நம்ம எடத்துக்கு ஆளுங்க வரிசையில நிப்பாங்க. சமையலுக்கு ஒரு செஃப்பைப் போட்டுக்கலாம். நங்கைக்கு எதுக்குச் சிரமம், உக்காரட்டும்."

உட்காரட்டும். நான் இரண்டு வருடமாகப் பயந்த சொல், அமெரிக்கா போய்ச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"செஃப் வேண்டாம்," என்றேன். "அந்தம்மாவுக்கு நான் சமைக்கறேன். சாப்புட்டுட்டுச் சொல்லட்டும்."

அதற்கான ஒத்திகையில்தான் மூக்கை உள்ளே விடச் சொன்னார்.

ஒத்திகை

முதலில் ஜெர்மனியிலிருந்து வந்த வெள்ளை ஒயின். சம்பத் கிளாசைச் சுழற்றி, மோந்து, கண்ணை மூடி, "கல் வாசம். எலுமிச்சம் பூ. கடைசியில லேசா பெட்ரோல்," என்றார்.

"பெட்ரோலா?" பொன்னாயி கிளாசைத் தள்ளி வைத்தாள். "அதை வண்டிக்கு ஊத்துங்க சாமி. எதுக்கு அரிசிம்பருப்புச் சோத்துக்கு ஊத்தறீங்க?"

"பெட்ரோல்ங்கறது நல்ல குணங்க. அது ஒசந்த ரகத்துலதான் வரும்."

"அண்ணா, உங்களுக்கு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது."

அடுத்தது கலிபோர்னியாச் சிவப்பு. பொன்னாயி ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, "இது திராட்சை அரிஷ்டம். என்ற பெரியவளுக்குப் பிள்ளை பொறந்தப்ப நாட்டு வைத்தியர் குடுத்தாரு. இதுக்கா கண்ணு பிளேன்ல தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

சம்பத் கடைசி நம்பிக்கையாக என் பக்கம் திரும்பினார். நான் கிளாசுக்குள் இருந்து மூக்கை எடுத்தேன். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெல்ல மண்டிக்காரர் மகள் அப்படிச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. சிவப்பாக இருக்கிறது, பழசு என்கிறார்கள். பழசாக, சிவப்பாக என்ன உண்டு என்று யோசித்தேன்.

"தோல் செருப்பு," என்றேன். "மழையில நனைஞ்சு, அப்புறம் காஞ்சது."

சம்பத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "லெதர்! நங்கை, லெதர்தான்! எங்க வகுப்புல அதைப் புடிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு!"

எனக்கு ருசி கண்டுவிட்டது. ஒயினில் இல்லை, இந்த விளையாட்டில். அடுத்த கிளாசுக்குப் பழைய மரப்பீரோ என்றேன். அதற்கடுத்ததற்குக் கருகாத வெல்லப்பாகு என்றேன். எதைச் சொன்னாலும் சம்பத்தின் நோட்டுப் புத்தகத்தில் அது இருந்தது. இந்தத் துறையில் தப்பான விடையே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்படி ஒரு பாடம் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சிவப்பை விழுங்கியபோது நாக்கின் இரு பக்கமும் இழுத்துப் பிடித்தது. துவர்ப்பு. நாவல் பழம் தின்றால் வருமே, அது. வாசமில்லாமல் எல்லாம் ஒரே சக்கையாகிப் போன இரண்டு வருடத்தில், என் வாய்க்குள் புதிதாக ஒன்று நடந்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பத் அதையும் ஒயினின் பெருமையில் சேர்த்துக்கொண்டார்.

விருந்து

விருந்துக்கு சம்பத் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு ஜெர்மனி. கொள்ளுக் கடைசலுக்குக் கலிபோர்னியா. நாட்டுக்கோழி மிளகு வறுவலுக்கு, எல்லாவற்றிலும் மூத்த பிரான்ஸ். தயிருக்கு எதிரே வெறும் கோடு போட்டிருந்தார். தயிருக்குப் பொருந்தும் ஒயின் உலகத்திலேயே இல்லையாம், ஆகவே தயிரை நிறுத்திவிடலாமாம்.

"தயிர் இல்லாம எப்படி எந்திரிக்கறது?" என்றார் என் வீட்டுக்காரர். அன்று அவர் பேசிய நீளமான வாக்கியம் அது. தயிர் தப்பியது.

"காரத்தை மட்டும் கொறைச்சுக்குங்க நங்கை. காரம் ஒயினைக் கொன்னுரும்."

"கொன்னா கொல்லட்டும்," என்றாள் கோழியைக் கழுவிக்கொண்டிருந்த பொன்னாயி. "கோழியே செத்துத்தான கெடக்குது."

ஷர்மிளா மேடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சென்னையில் பிறந்தவராம். அதிகம் பேசாதவர். கிளாசைச் சுழற்றுவதில்கூட சம்பத் அளவுக்கு ஆர்ப்பாட்டம் இல்லை. சோற்றையும் கடைசலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜெர்மனி வந்தது, போனது. கலிபோர்னியா வந்தது, போனது. கோழியின் முதல் ஈடு இலைக்கு வந்தாயிற்று. இரண்டாவது ஈடு வாணலியில், சிறு தீயில் இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் வந்து உட்கார்ந்தேன்.

சம்பத் பிரான்சைத் திறந்தார். மோந்தார். கண்களை மூடினார். "காட்டுப்பழம்... புகையிலை... தேவதாரு மரம்... தூரத்துல ஒரு கோயில்..." என்று அடுக்கிக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் முகத்தைக் கிளாசுக்குள் விட்டுவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் அங்கேயே இருந்தார். ஷர்மிளா மேடம் ஒரு முறை மோந்தார், குடிக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க மேடம்," என்றார் என்னைப் பார்த்து. "உங்க மூக்கைப் பத்தி சம்பத் சொல்லிட்டே இருந்தார்."

என்னிடம் சரக்கு தீர்ந்திருந்தது. செருப்பு ஆயிற்று, பீரோ ஆயிற்று, வெல்லம் ஆயிற்று. தவிப்போடு ஜன்னலைப் பார்த்தேன். காலையில் பெய்த தூறலில் நனைந்த மிளகுச் சாக்குகள் சுவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஈரச் சாக்கு," என்றேன்.

சம்பத்தின் முகம் விழுந்துவிட்டது. "நங்கை, இது அந்த மாதிரி..."

"இல்ல சம்பத்," என்றார் ஷர்மிளா மேடம். "எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். இந்தப் பாட்டில்ல தக்கை கெட்டுப்போச்சு. அப்படிக் கெட்டா நனைஞ்ச சாக்கு வாசம்தான் வரும். தொழில்ல இருக்கிறவங்களே சில சமயம் விட்டுடுவாங்க. எப்படிம்மா கரெக்டா பிடிச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் அடக்கமாகச் சிரித்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். எனக்கு அடக்கம் வரவில்லை. வாய் வந்தது.

"அது பொறப்புலயே வரோணுங்க," என்று ஆரம்பித்தேன். அப்பா வெல்லம் மோந்த கதையைச் சொன்னேன். எல்லார் மூக்கும் லேசாகச் சுருங்கி விரிந்தது. ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அக்கா..." என்றாள் பொன்னாயி.

"இரு பொன்னாயி, பேசிட்டிருக்கேன்ல. வாசம் புடிக்கோணும்னா மனசு ஒரு நெலையில நிக்கோணுங்க. நம்ம பக்கத்துலயே ஒரு வாசம் இருக்கும், நாம கவனிக்காம உட்டுருவோம். நான் அப்படி உட மாட்டேன். ஒரு துளி மாறுனாலும் எனக்குத் தெரிஞ்சுரும்..."

ஷர்மிளா மேடம் என்னையே வினோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைமேல் நீலமாக ஒரு புகை ஊர்ந்து போவதைப் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், அடுப்படி வாசலிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. கோழி கரியாகிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த ஐந்து பேரில் அது தெரியாத ஒரே ஆள், மூக்கைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நான்.

எல்லாம் முடிந்தது, இனி வெங்காயம்தான் என்று நினைத்தேன்.

"அடடா!" என் வீட்டுக்காரர் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். "என்ற தப்புங்க. அடுப்பை நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தேன், மறந்துபோய் உக்காந்துட்டேன். அவளுக்கு ரெண்டு நாளாச் சளிங்க. ஒயினை மோந்ததே பெருசு. இரு தம்பி, நான் பாக்கறேன்."

ஐந்து வாக்கியம். கடைசியைத் தவிர அத்தனையும் பொய். அடுப்பைப் பார்த்துக்கொள்வதாக அந்த மனிதர் ஆயுசில் யாரிடமும் சொன்னதில்லை.

அடுப்படியில்

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவர் பின்கட்டில் வாணலியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எங்கீங்க சளி?" என்றேன்.

அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார். "அந்தக் கிளாசுக்குள்ள மூக்கை உட்டுட்டு உக்காந்ததுல எனக்கும் தெரியாமப் போச்சு அம்மிணி. இல்லீன்னா முந்தியே எந்திரிச்சு வந்திருப்பேன்."

முந்தியே என்றால்? எப்போதும் அப்படித்தான் எழுந்து வருவார் என்றா?

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ம்."

"எப்பலிருந்து?"

"காச்சல் உட்ட பொறகு ஒருநா காப்பி குடுத்தயே. பால் கெட்டு நாத்தமடிச்சுது. நீ பாட்டுக்குச் சிரிச்சுட்டே குடுத்தே."

"நீங்க ஒண்ணுஞ் சொல்லலையே? என்ன பண்ணுனீங்க?"

"குடிச்சேன்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்படிக்குள் வந்த நாற்காலி. தண்ணீர் குடிக்க வருகிற சாக்கு. மூடு, திற, மூடு. காய்ச்சாத பாலுக்கு ஒரு "நல்லாத்தான் இருக்குது." இந்த இரண்டு வருடமும் காலையில் அவர் சொன்னது பாராட்டே அல்ல. பால் கெடவில்லை, தைரியமாகக் காய்ச்சு என்று எனக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அந்தச் சிலிண்டரு?"

"வாஸ்து," என்றார், வாணலியைப் பார்த்துக்கொண்டே.

"உங்களுக்கு வாஸ்துவுல நம்பிக்கையே கெடையாதே."

"உனக்கு வேண்டுதல் கெடையாதே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்கல்ல?" என்றேன்.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லல. சரி, மறைக்கோணும்னு நெனைக்கறா, மறைச்சுக்கட்டும்னு உட்டுட்டேன்."

முன்னறையிலிருந்து சம்பத், "நங்கை, தயிர் எங்கீங்க?" என்று கூப்பிட்டார். பிரான்ஸ் கெட்டுப்போன துக்கத்தில் அவருக்குத் தயிர் தேவைப்பட்டது.

பிறகு

ஷர்மிளா மேடம் கிளம்பும்போது சம்பத்திடம், "ஒயின் லிஸ்டை அப்புறம் பார்க்கலாம். செஃப் எல்லாம் வேண்டாம். இந்தக் கைச் சாப்பாடுன்னா தங்கறதுக்கு நான் ஆள் அனுப்பறேன்," என்றார். என் கையைப் பிடித்து, "சளி சரியாகலைன்னாலும் பரவாயில்லை, விட்டுடாம சமைங்க," என்றார். புரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சம்பத்துக்கு ஒன்றும் தெரியாது. தன் நங்கைக்குப் பிரெஞ்சுத் தக்கையையே பிடித்துவிடும் மூக்கு இருப்பதாகக் கலிபோர்னியாவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகைக்கு அவர் சந்தாதாரர். அவருக்குத் தனியாகக் கடிதம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. தம்பி, இந்த வாரம் தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் மிஞ்சியிருந்த பிரான்சை எறிய மனமில்லாமல் இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தோம். எனக்குத் துவர்ப்பு மட்டும் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

"உங்களுக்கு எப்படி இருக்குது?" என்றேன்.

"ஈரச் சாக்கேதான்," என்றார். முழுவதையும் குடித்தார். கெட்ட பாலைக் குடித்த மனிதருக்கு இது எம்மாத்திரம்?

மறுநாள் காலை நான் பால் பாத்திரத்தை எடுத்தபோது அவர் வந்தார். தண்ணீர் சொம்பைத் தொடவில்லை. பேப்பரும் கையில் இல்லை. நேராக வந்து, சம்பத் சொல்லிக்கொடுத்த மாதிரியே மூக்கைப் பாத்திரத்துக்குள் நன்றாக விட்டு, சத்தமாக மோந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.